டாஸ்: ஒரு ‘கட்டிய’ ஆட்டத்தின் சொல் விளக்கம்

தமிழில் ‘டாஸ்’ என்று எழுதினால் கிரிக்கெட்டில் நாணயம் சுண்டுவது நினைவுக்கு வரும், சிலருக்கு டாஸ்மாக். இங்கே சொல்ல வந்தது இன்னொரு டாஸ். ‘டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் அது. கருவியின் துணையோடு ஒரு வீடியோ கேமை மிக வேகமாக முடித்துக்காட்டுவது. வீடியோ கேம் ஆர்வலர்கள் அதை எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை, ஒரே சொல்லாகவே உச்சரிக்கிறார்கள். நாணயம் சுண்டும் டாஸ் முழுக்க அதிர்ஷ்டம். இந்த டாஸில் அதிர்ஷ்டத்தையும் வரவழைத்துக்கொள்ள வேண்டும்!

பொருள் இதுதான். பழைய கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கணினி நிரலில், அதாவது எமுலேட்டரில், ஆட்டத்தை ஓடவிடுகிறார்கள். திரை நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) மாறுகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் ஆட்டத்தை நிறுத்தி, அந்த நொடித்துளியில் எந்தப் பொத்தான் அழுந்தியிருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்கிறார். விளைவு பிடிக்கவில்லையா, சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பி வேறொன்றை அழுத்திப் பார்க்கிறார். இப்படியே கடைசிவரை போனால் மிஞ்சுவது ஒரு பொத்தான் வரிசை. அதை எமுலேட்டரிடம் கொடுத்தால், கை வைக்காமலே முழு ஆட்டமும் அதே மாதிரி மறுபடி நடந்துகாட்டும். இதில் படம் எதுவும் பதிவாவதில்லை, பொத்தான்கள் மட்டுமே பதிவாகின்றன.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-இல் ஜப்பானில் வெளிவந்தது. 90களில் நம் ஊர்க் கடைகளில் கேசட் செருகி ஆடும் பெட்டியோடு வந்து சேர்ந்த அதே மாரியோதான். அந்தப் பெட்டியின் கையடக்கியில் (கன்ட்ரோலரில்) எட்டுப் பொத்தான். நான்கு திசை, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட். ஆக ஒரு சட்டகத்துக்கு 256 தேர்வுகள். எஃப்சிஇயூஎக்ஸ் என்ற எமுலேட்டர் உருவாக்கும் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே திறந்து படிக்கலாம். ஒரு சட்டகத்துக்கு ஒரு வரி, ஒரு பொத்தானுக்கு ஓர் எழுத்து. ஸ்டார்ட்டும் செலக்ட்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஸ்டார்ட்டுக்கு மட்டும் ‘டி’ கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற டாஸ் ஒன்று, பெட்டியை இயக்கியதிலிருந்து கணக்கிட்டால், 4 நிமிடம் 57.31 நொடி. சட்டகமாகச் சொன்னால் பதினேழாயிரத்துச் சொச்சம். அத்தனை வரிகளும் ஒரு மனிதரின் முடிவுகள்.

இதற்குள் போனால்தான் ‘கருவி’ என்பது எதைக் குறிக்கிறது என்று புரியும். மாரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு சட்டகத்துக்கு இரண்டரைப் புள்ளி (பிக்சல்) நகர்கிறார். அரைப் புள்ளியைத் திரையில் காட்ட முடியாது. ஆனால் ஆட்டத்தின் நினைவகத்தில் அது இருக்கிறது. ஒரு புள்ளியையும் அது 16 கூறாகப் பிரித்து வேகத்தைக் கணக்கு வைத்திருக்கிறது. கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் இரண்டு மாரியோக்களில் ஒருவர் சுவரில் கால் ஊன்றி மறுபடி எம்பிவிடுவார், மற்றவர் விழுந்துவிடுவார். ஆகவே நினைவகத்தின் எண்களை நேரடியாகக் காட்டும் சாளரம் ஒன்று டாஸ் கட்டுபவருக்கு வேண்டும். அப்புறம் சட்டகம் சட்டகமாக நகர்த்தும் வசதி, நிலையைச் சேமிக்கும் வசதி. கருவி என்றால் முக்கியமாக இவைதான்.

இதே ஆட்டத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்க வேண்டுமா என்பதை ஆட்டம் 21 சட்டகத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறது, ஏறக்குறைய 0.35 நொடிக்கு ஒருமுறை. ஐந்து சட்டகம் மிச்சம் பிடித்து ஓடிவந்தாலும் அடுத்த சோதனை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். முந்தைய சோதனைக்குள் வந்து சேரும் அளவுக்குச் சேமித்தால்தான் பலன். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அங்கே ஒவ்வொரு சட்டகமும் காசு. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாரியோ டாஸைப் பார்த்தால், நடுவில் அவர் ஏன் வேலைவெட்டி இல்லாமல் குதித்துக் கூத்தடிக்கிறார் என்று குழப்பமாக இருக்கும். எப்படியும் காத்திருக்க வேண்டிய நேரம், அதைக் கூத்தில் கழிப்போமே என்பதுதான் காரணம்.

சரி, சொல் எங்கே பிறந்தது? மாரியோவில் அல்ல, ‘டூம்’ ஆட்டத்தில். 1993-இல் வந்த டூமில், ஆடியதைப் பொத்தான் வரிசையாகவே பதிவு செய்து மறுபடி ஓட்டிக் காட்டும் வசதி தொடக்கத்திலேயே இருந்தது. அதற்கு டெமோ என்று பெயர். வேகமாக ஆடி முடிக்கும் போட்டி அதைச் சுற்றியே வளர்ந்தது. 1997 இறுதியில் டூமின் மூலநிரல் பொதுவில் வெளியானது. ஆண்டி கெம்ப்ளிங் என்பவர் அதை மாற்றி, மெதுவாக ஓடவிட்டும் பல அமர்வுகளாகப் பிரித்தும் டெமோ பதிவு செய்ய வழி செய்தார். 1999-இல் இத்தகைய டெமோக்களுக்கென்றே ஒரு தளம் ‘டூல்ஸ் அசிஸ்டட் ஸ்பீட்ரன்ஸ்’ என்ற பெயரில் வந்தது. முதலில் ‘டூல்ஸ்’ என்ற பன்மை. பிறகு ஒருமையாகத் தேய்ந்துவிட்டது.

ஆனால் டூம் ஆட்களிடையே இன்னொரு பெயரும் புழங்கியது: ‘பில்ட் டெமோ’, அதாவது கட்டிய டெமோ. எனக்கு இந்தப் பெயர்தான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. நிலைக்காமல் போனதில் கொஞ்சம் வருத்தம்.

ஏன் என்பதற்கு 2003 சம்பவமே போதும். மொரிமோட்டோ என்ற ஜப்பானியர் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’-ஐ ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடிக்கும் காணொளி இணையத்தில் கைமாறத் தொடங்கியது. எப்படிச் செய்தார் என்ற விவரம் பலரிடம் போய்ச் சேரவில்லை, காணொளி மட்டும் போய்ச் சேர்ந்தது. மனிதக் கை இப்படி ஆடுமா என்று வாயைப் பிளந்தவர்கள், அது எமுலேட்டரில் 40,000-த்துக்கும் அதிகமான மறுபதிவுகளோடு, அதாவது அத்தனை முறை பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி ஆடி, உருவானது என்று தெரிந்ததும் ஏமாற்று வேலை என்று கொதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஃபின்லாந்தின் யோயல் ஈலிலுவோமா இத்தகைய ஆட்டங்களுக்கென்று ஒரு தளம் தொடங்கினார். அதுவே பிற்பாடு ‘டாஸ்வீடியோஸ்’ ஆனது. ‘இது கருவியோடு செய்தது’ என்று பெயரிலேயே அறிவித்துவிடுவது அன்றைய தேவை. அசிஸ்டட் என்ற சொல் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சண்டையைத் தமிழ் இலக்கணம் படித்தவர் ஒரே வரியில் தீர்த்திருப்பார். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. கருத்தாவிலும் இரண்டு வகை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் இராஜராஜனால் கட்டப்பட்டது என்றால் அவர் ஏவுதற் கருத்தா. சிற்பியால் கட்டப்பட்டது என்றால் அவர் இயற்றுதற் கருத்தா. மொரிமோட்டோவை மக்கள் இயற்றுதற் கருத்தா என்று நினைத்தார்கள். அவரோ ஏவுதற் கருத்தா. ஓட்டிக்காட்டும்போது பொத்தானை அழுத்துவது எமுலேட்டர், அழுத்தச் சொன்னவர் அவர். இதில் பொய் எங்கே இருக்கிறது?

2014 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘ஆசம் கேம்ஸ் டன் குயிக்’ அறநிதி நிகழ்வில் எமுலேட்டரே இல்லாமல் போனது. டாஸ்பாட் என்ற கருவி, அசல் சூப்பர் நின்டெண்டோ பெட்டியின் கையடக்கித் துளையில் பொத்தான் வரிசையை நேராக ஊட்டியது. ஓடியது ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’. அந்த வரிசை ஆட்டத்தின் நினைவகத்தில் புதிய நிரலையே எழுதிவிட, மாரியோ காணாமல் போய் திரையில் ‘பாங்’ என்ற பழைய பந்தாட்டமும் பாம்பு ஆட்டமும் வந்தன. அங்கே இயற்றியது ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை. ஏவியவர்கள் அப்போதும் மனிதர்கள்தான். ‘கணினியே ஆடுகிறது’, ‘ஏஐ ஆடுகிறது’ என்று இன்றைக்குச் சிலர் சொல்வது இதனால்தான் பொருந்தாது. சிறு சிறு துண்டுகளில் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்க நிரல் எழுதிக்கொள்வது உண்டு. எந்தத் துண்டில் தேடுவது, எதைத் தேடுவது என்பது மனிதரின் யோசனை.

இனி தமிழ்ச் சொல். அசிஸ்டட் என்பதற்கு ‘உதவியுடன்’ என்று நீட்ட வேண்டியதில்லை, ‘துணை’ போதும். வழித்துணை என்றால் நடப்பவர் நாம், கூட வருவது துணை. அந்த மாதிரி கருவித்துணை. சொற்களை மாற்றிப் போட்டால் துணைக்கருவியாகி, கடையில் விற்கும் உதிரிச் சாமானாகிவிடும். அடுத்து ஸ்பீட்ரன். ‘விரைவோட்டம்’ என்று போடலாம்தான், ஆனால் தடகளச் செய்தி மாதிரி கேட்கிறது. நான் ‘விரைவாட்டம்’ என்பேன். ஆட்டம் என்பது விளையாட்டு; நடனமும் ஆட்டம்தான். திரையரங்கில் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்று காட்சியையும் அப்படித்தான் சொல்கிறோம். முன்கூட்டியே செய்து வைத்ததை ஓட்டிக்காட்டும் பொருளும் அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. ஆக, கருவித்துணை விரைவாட்டம். வேகத்தை விட்டு வேடிக்கைக்காகச் செய்பவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘சூப்பர்ப்ளே’ என்கிறார்கள். அதற்குக் கருவித்துணை ஆட்டம் என்றாலே போதும்.

வினைச்சொல்லுக்குப் பழைய டூம் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். மெட்டுக் கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம், டாஸும் கட்டலாம். கதை கட்டுவதும் தமிழில் உண்டே என்று யாராவது சிரித்தால், 2003-இல் அந்தச் சந்தேகமும் இருந்ததே!

உடன் வரும் சில சொற்கள். ஃப்ரேம் அட்வான்ஸ் சட்டக நகர்வு, சேவ்ஸ்டேட் நிலைச்சேமிப்பு, ரீரெக்கார்ட் மறுபதிவு. இதை ஜப்பானியர்கள் ‘ட்ஸுய்கி’, அதாவது பின்சேர்த்து எழுதுவது என்கிறார்கள். அவர்கள் டாஸையே ஓர் ஆளாக்கி ‘டாஸ்-சான்’ என்று மரியாதையோடு அழைப்பதும் உண்டு. லக் மேனிபுலேஷன் என்பது அதிர்ஷ்டத்தை வளைத்தல். பழைய ஆட்டங்களில் தற்செயல் எண் என்பது ஒரு கணக்குதான். ஒரு சட்டகம் தாமதித்தோ வேறு பொத்தானை அழுத்தியோ எதிரி வேண்டிய பக்கம் திரும்பும்படி செய்யலாம். டீசிங்க் என்பது இசைவு முறிவு. வேறு எமுலேட்டரில் ஓட்டும்போது ஒரே ஒரு சட்டகம் பிசகினாலும் மாரியோ பள்ளத்தில் விழுந்து கிடப்பார், பொத்தான் வரிசை மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கையால் ஆடுபவர்களின் விரைவாட்டம் வேறு பிரிவு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பதில்லை. ஆனாலும் அவர்களுக்கு டாஸ்தான் எட்ட வேண்டிய எல்லை. சூப்பர் மாரியோவில் கட்டம் முடியும் இடத்தில் நிற்கும் கொடிக்கம்பத்தின் அடியில் ஒரு குறிப்பிட்ட விதமாக மோதினால் கொடி இறங்கும் நேரம் மிச்சமாகும். டாஸால் மட்டுமே முடியும் என்றிருந்த இந்தத் தந்திரத்தைப் பிறகு மனிதக் கைகள் கற்றுக்கொண்டன. 2023-இல் நிஃப்ட்ஸ்கி என்ற ஆட்டக்காரர் சூப்பர் மாரியோ பிரதர்ஸை 4 நிமிடம் 54.631 நொடியில் முடித்தார். அதே கணக்கில், அதாவது பெட்டியை இயக்கியதிலிருந்து அல்லாமல் ஆட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணினால், டாஸின் நேரம் 4 நிமிடம் 54.265.