நிலவுக்குப் போகும் துணைக்கோளும் கூரைமேல் தட்டும்

கோலாலம்பூரில் மாலை மழை வலுத்ததும் தொலைக்காட்சியில் படம் கட்டங்கட்டமாகச் சிதறித் திரை கறுத்துவிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. துணைக்கோளிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் அலைகளை, கூரைமேல் உள்ள அலைவாங்கித் தட்டை எட்டுவதற்குச் சற்று முன்பாக மழைத்துளிகள் விழுங்கிவிடுகின்றன. மலேசியா போன்ற நாடு நிலவை நோக்கிச் சிறிய துணைக்கோள் ஒன்றை அனுப்ப எண்ணினால், ராக்கெட்டுக்கு முன்பாகத் தட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும் என்பேன். ராக்கெட்டில் இடம் கேட்டு வாங்கலாம். 2024இல் பாகிஸ்தானின் ஐகியூப்-கியூ என்ற சிறு துணைக்கோள் சீனாவின் சாங்கே-6 விண்கலத்தோடு ஒட்டிக்கொண்டுதான் நிலவைச் சேர்ந்தது.

2009இல் ஏவப்பட்ட நமது ராசாக்சாட் துணைக்கோள், நிலநடுக்கோட்டை ஒட்டி 685 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அதன் அலைபரப்பியை அப்படியே நிலவருகே கொண்டுபோய் வைத்தால் தொலைவு சுமார் 560 மடங்காகும். அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், தரைக்கு வந்து சேர்வது மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட, தரைத் தட்டைப் பெரிதாக்க வேண்டும், அல்லது தகவலை மெதுவாக அனுப்ப வேண்டும். 2018 நவம்பரில் இன்சைட் விண்கலம் செவ்வாயில் இறங்கிய செய்தியை உடனுக்குடன் அனுப்பிய மார்கோ என்ற இரட்டைச் சிறு விண்கலங்கள் ஒவ்வொன்றும் 13.5 கிலோ எடைதான். அவற்றின் வேகமோ நொடிக்கு 8 கிலோபிட். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை அந்த வேகத்தில் அனுப்ப அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

தட்டு எவ்வளவு பெரிதானாலும், துணைக்கோள் நம் பக்கம் முகம் திருப்பாவிட்டால் பயனில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் இது எளிது: மின்சுருளில் மின்சாரம் பாய்ச்சினால், திசைகாட்டி முள்ளைப்போல அது பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக்கொண்டு திரும்பும். நிலவருகே பற்றிக்கொள்ள அத்தகைய புலம் கிடையாது. உள்ளே சுழலும் சிறு சக்கரங்கள் உதவும். ஆனால் நாள்பட அவை உச்ச வேகத்தைத் தொட்டுவிடுவதால், வாயுவைப் பீய்ச்சி எதிர்விசை கொடுத்து அவற்றைத் தணிக்க வேண்டும். மார்கோவில் இதற்குப் பயன்பட்டது தீயணைப்புக் கருவிகளில் அடைக்கப்படும் வாயு என்பது எனக்குப் பிடித்த செய்தி. முகம் திருப்ப முடியாமற்போனதற்கு ஜப்பானின் சிறு விண்கலமான ஒமோட்டெனாஷி சான்று: 2022இல் ஆர்ட்டெமிஸ்-1 ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் அது கட்டுப்பாடின்றிச் சுழன்றது; சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகியிருந்ததால் மின்கலம் வறண்டது; நிலவில் இறங்கும் முயற்சி கைவிடப்பட்டது.

இனி நம் ஊர் வானம். கோலாலம்பூர் வடக்கு 3 பாகையில் இருப்பதால், எந்த மாதமானாலும் நிலவு உச்சத்தை அடையும்போது அடிவானத்திலிருந்து 58 பாகைக்குக் குறையாத உயரத்தில் நிற்கும். ஐரோப்பிய நகரங்களில் சில நாள்களில் அது கூரைகளுக்குச் சற்று மேலேயே தவழ்ந்து மறைந்துவிடும். இங்கோ அலைகள் ஏறத்தாழ நேர்மேலிருந்து இறங்குவதால் காற்றுமண்டலத்தில் குறைந்த தூரமே கடக்கின்றன. மழைதான் தொல்லை. வீட்டுத் தட்டு வாங்கும் 12 ஜிகாஹெர்ட்ஸ் அலையே இங்கு அடைமழையில் தடுமாறுகிறது. ஆழ்வெளித் தொடர்புக்கு மற்ற இடங்களில் விரும்பப்படும் 32 ஜிகாஹெர்ட்ஸ் அலை அதைவிடப் பன்மடங்கு அடிவாங்கும். மார்கோ பயன்படுத்திய 8 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் தகவல் மெதுவாகத்தான் வரும், ஆனால் அது மழையைத் தாங்கும். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தட்டு நிறுவுபவர் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.