மருந்துப்போலி: நடுவில் ஒரு ‘ப்’

“போலி மருந்தா? அதைப் பிடிக்கத்தானே சார் ரெய்டெல்லாம் நடக்குது. அதையே எங்க பையனுக்குக் குடுப்பீங்களா?”

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு மருந்தாய்வு. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தைத் தமிழில் ஆக்கித் தரும் வேலை என்னிடம் வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் நாலைந்து பெற்றோரிடம் வாசித்துக் காட்டிவிடுவது என் வழக்கம். “உங்கள் குழந்தைக்கு ஆய்வு மருந்தோ போலி மருந்தோ தரப்படும். எது என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது” என்ற வரி வந்ததும் அந்த அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிழை என்னுடையது. அசல் மருந்து போலவே தோற்றமளித்து, உள்ளே மருந்தில்லாத ‘பிளசீபோ’வுக்குப் பழைய படிவம் ஒன்றில் இருந்த ‘போலி மருந்து’ என்பதை யோசிக்காமல் எடுத்துப் போட்டிருந்தேன்.

‘போலி மருந்து’ ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கும் சொல். இன்னொரு கம்பெனியின் பெயரை ஒட்டி விற்கிறார்களே, அந்தச் சரக்கு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 17பி பிரிவில் அதை வரையறுக்கிறது. அதில் ஏமாற்று உண்டு, ஏமாற்றியவர் உண்டு, சிறைத்தண்டனை உண்டு. பிளசீபோவைத் தருகிறவர்களோ “இதையும் தரக்கூடும்” என்று முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்த அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி.

பிளசீபோ லத்தீன் வினைமுற்று. ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள். ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நம் ‘ஏன்’ விகுதிபோல அதன் கடைசி ‘ஓ’வே ஆளைக் காட்டிவிடும். ஒரு வினைமுற்று மருந்தின் பெயரானது எப்படி என்றால், தேவாலயம் வழியாக. லத்தீன் விவிலியத்தின் சங்கீதம் ஒன்றில் ‘பிளசீபோ தோமினோ’ என்று ஒரு வரி தொடங்கும்: வாழ்வோர் நாட்டில் ஆண்டவருக்குப் பிரியமாய் இருப்பேன் என்பது கருத்து. தமிழ் வேதாகமத்தில் 116-ஆம் சங்கீதத்தைத் திறந்து தேடினால் ‘மகிழ்விப்பேன்’ கிடைக்காது. “நான் கர்த்தருக்கு முன்பாக ஜீவனுள்ளோர் தேசத்திலே நடப்பேன்” என்றே இருக்கும். தமிழ் எபிரேய மூலத்தை ஒட்டிப் போகிறது. லத்தீன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே போனது. ஆக, பிளசீபோ என்ற சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு விலகலில் பிறந்தது. என் தொழிலில் இருப்பவனுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவருக்கான மாலை வழிபாட்டில் இந்த வரியைப் பாடுவார்கள். செத்தவரோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள்கூட சாப்பாட்டுக்கும் காசுக்குமாக வந்து பாடிவிட்டுப் போனார்களாம். ‘பிளசீபோ பாடுகிறவன்’ என்றால் காரியத்துக்காகக் குழைகிறவன் என்று ஆகிவிட்டது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்று கையிலேயே வைத்திருக்கிறோம். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாசர், எதற்கும் தலையாட்டும் ஒரு பாத்திரத்துக்கு பிளசீபோ என்றே பெயர் வைத்தார். அங்கிருந்து மருத்துவர் வீட்டுக்கு வர அதிக தூரமில்லை. 1811-இல் ஓர் ஆங்கில மருத்துவ அகராதி, நோயாளிக்குப் பயன்படுவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே தரும் மருந்து என்று இதற்குப் பொருள் எழுதியது.

அந்தப் பொருளில் மட்டும் நின்றிருந்தால் ‘ஆறுதல் மருந்து’ என்று தமிழில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே வேறொரு சோதனை நடந்திருந்தது. வலியை இழுத்து எடுக்கும் என்று சொல்லி, கூரான இரண்டு உலோகக் கம்பிகளை நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் 1799-இல் மரத்தில் அதேபோலக் கம்பி செய்து, உலோகம் மாதிரி வண்ணம் அடித்து, ஐந்து நோயாளிகளுக்குத் தடவினார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். இங்கே அந்தப் போலிக் கம்பி ஆறுதலுக்காக வந்ததல்ல. அசலைச் சோதிக்க வந்தது. இன்றைய மருந்தாய்வில் பிளசீபோவின் வேலையும் அதுதான்.

ஆட்டிசத்தில் இந்த வேலையின் கனம் எவ்வளவு என்பதற்கு செக்ரட்டின் கதை போதும். முன்சிறுகுடலில் சுரந்து கணையத்தைத் தூண்டும் ஹார்மோன் அது. 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்தது. வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஊசியாகப் போடுவார்கள். அப்படிப் போட்ட பிறகு ஆட்டிசம் உள்ள மூன்று பிள்ளைகளின் பேச்சும் பார்வைத் தொடர்பும் மேம்பட்டதாக 1998-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. மூன்றே பிள்ளைகள். தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் பெற்றோர் மருத்துவமனைகளை மொய்த்தார்கள். அன்று கிடைத்தது பன்றிக் குடலிலிருந்து எடுத்த செக்ரட்டின். அதற்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது.

1999 டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து பதில் வந்தது. 3 முதல் 14 வயது வரையான 60 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு ஒருமுறை செக்ரட்டின் ஊசி, மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்து நடத்தைப் பட்டியலில் மதிப்பெண் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்தால் முன்னேற்றம் என்று கணக்கு. செக்ரட்டின் போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 8.9 குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 17.8. அதற்காக உப்புநீர் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது, புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஆனால் செக்ரட்டினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்திருந்தால் “8.9 குறைந்தது, மருந்து வேலை செய்கிறது” என்று எழுதி மாலை போட்டிருப்பார்கள்.

உப்புநீர் எப்படிப் பேச வைத்தது? வைக்கவில்லை. நான்கு வாரத்தில் பிள்ளை வளர்கிறது. மிக மோசமான நாட்களில்தான் பெற்றோர் ஆய்வைத் தேடி வருகிறார்கள். மோசமான நாட்கள் தாமாகவும் கொஞ்சம் தணியும். இதற்கெல்லாம் மேலே, மதிப்பெண் போடுகிறவர் யார் என்று பாருங்கள். தலைவலி மாத்திரை ஆய்வில் விழுங்குகிறவரும் “குறைந்தது” என்று சொல்கிறவரும் ஒருவரே. இங்கே ஊசி பிள்ளைக்கு. படிவத்தை நிரப்புவது அம்மா. ‘கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா: ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி’. போன மாதம் ‘ஒருபோதும் இல்லை’யில் குறியிட்ட பேனா, இந்த மாதம் அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். பொய் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் குக்கர் விசில் அடித்தபோது அவன் திரும்பினான், அப்போது இவளும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவைச் சொன்ன பிறகும், அந்த ஆய்வில் இருந்த பெற்றோரில் 69 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைக்கு செக்ரட்டின் வேண்டும் என்றே சொன்னார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

தப்பிப் பிழைக்கிற மருந்தும் உண்டு. 2002-இல் ரிஸ்பெரிடோன் ஆய்வில் 101 பிள்ளைகள்: மருந்து பெற்றவர்களில் 69 சதவீதத்தினருக்குக் கோபமும் தன்னைத் தானே அடித்துக்கொள்வதும் தணிந்தன, பிளசீபோ பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான். (எடை கூடும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது: எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ.) மாறாக, 2009-இல் வந்த, சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தின் ஆய்வில் முன்னேற்றம் கண்டவர்கள், மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதம், பிளசீபோ பெற்றவர்களில் 34.2 சதவீதம். 2021-இல் 290 பிள்ளைகளிடம் பார்த்த ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் மூக்குத் தெளிப்பும் பிளசீபோவைத் தாண்டவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? வார்டில் நர்ஸுகள் ‘டம்மி மாத்திரை’ என்கிறார்கள், பேச்சுக்குப் போதும். ‘வெற்று மாத்திரை’ நல்ல சொல்தான், ஆனால் செக்ரட்டின் ஆய்வுக்கு ‘வெற்று ஊசி’ என்று எழுதினால் காலிச் சிரிஞ்சைக் குத்தியதாக ஆகிவிடும். ‘ஆறுதல் மருந்து’ 1811-ஆம் ஆண்டு அகராதியோடு நின்றுவிடுகிறது. என் கை போவது ‘மருந்துப்போலி’க்கு.

போலி என்றால் இன்று நமக்குப் போலிச் சாமியாரும் போலிப் பத்திரமும்தான். சொல் அப்படிப் பிறக்கவில்லை. ‘போல்’ என்பதன் பிள்ளை அது, போன்றிருப்பது, அவ்வளவே. பள்ளியில் படித்த முதற்போலி, கடைப்போலியில் ஏமாற்று எங்கே இருக்கிறது? நிலம் நிலன் ஆனாலும் நிலம்தான். இன்னும் பொருத்தமான முன்னோடி மணிமேகலையில் இருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக் கொடுக்கும் 29-ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வரும். ஏதுப்போலி என்பது காரணம் போலத் தோன்றும், ஆனால் காரணமாக நிற்காதது. “ஊசி போட்டோம், அடுத்த வாரம் பேசினான்” என்பது எவ்வளவு இயல்பாக இந்தப் பெயருக்குள் போய் உட்காருகிறது பாருங்கள். அந்த ஏதுப்போலியைப் பிடிக்கத்தான் மருந்துப்போலி.

முன்னொட்டாக ‘போலி’ வந்தால் ஏமாற்று, பின்னொட்டாக வந்தால் ஒப்புமை. ‘இல்முன்’ என்பதைத் திருப்பி ‘முன்றில்’ என்று சொன்னால் இலக்கணப்போலி, பொருள் அசையாது. ‘போலி மருந்து’ என்பதைத் திருப்பினால் பொருளும் சேர்ந்து திரும்பிவிடுகிறது.

இதோடு வரும் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்துவதை ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று எழுதுகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் படிக்கும் படிவத்தில் இந்தச் சொல்லை வைக்க எப்படி மனம் வருகிறதோ. 1784-இல் பாரிஸில் மெஸ்மரின் காந்த சிகிச்சையைச் சோதித்த குழுவினர் நோயாளிகளின் கண்ணைத் துணியால் கட்டினார்கள்; இந்த வழக்கத்தின் பழைய உருவம் அந்தக் கண்கட்டு, குருடு அல்ல. ‘இருபுற மறைப்பு’ என்று நான் எழுதுகிறேன்.

படிவத்தைத் திருத்தி அந்த அப்பாவிடம் மறுபடி வாசித்தேன். “மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. அப்படித்தானே?” என்றார். அப்படித்தான் என்றேன். எதற்காக அது வேண்டும் என்பதைப் பற்றித்தான் பிறகு அரைமணி நேரம் பேசினார்.

அச்சுப்படி பத்து நாளில் வந்தது. வரி நிரவலுக்காக யாரோ சொல்லைப் பிரித்து, ஒற்றெழுத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள்: ‘மருந்து போலி’. அதாவது, மருந்தே போலி. 11 இடங்களில் சிவப்புப் பேனாவால் ‘ப்’ போட்டுத் திருப்பி அனுப்பினேன்.