தாடி முளைத்த பெட்டையைச் சுடலாமா?

மே மாதம் இரண்டாவது வாரம், காலை ஒன்பதரை மணி இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டை நடந்துகொண்டிருந்தது. பழக்கமான வேட்டைக்காரர் ஒருவர் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து, தான் சுட்ட பறவையைக் காட்டி, "கொஞ்சம் பாருங்களேன், தாடி இருக்கு, ஆனா ஏதோ சரியில்லை" என்றார்.

நான் காட்டுயிர் உயிரியலாளர். வேட்டை உரிமம் எடுக்க வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறேன். பறவையைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு கிலோதான் இருக்கும். வளர்ந்த சேவலாக இருந்தால் எட்டு, ஒன்பது கிலோ கனக்கும். காலில் முள் இல்லை. மார்பிலிருந்து தொங்கும் தாடி ஐந்து அங்குலம், ஷூ லேஸ் போல மெலிசு. புரட்டிப் போட்டு வயிற்று இறகுகளை விரலால் விலக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். இன்னும் சூடு ஆறவில்லை.

ஊரில் அடைக்கோழியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. முட்டைமேல் உடம்புச் சூடு நேராகப் படுவதற்காக அந்த இடத்து இறகு உதிர்ந்துவிடும். அந்தப் பெட்டை இரை பொறுக்கக் கொஞ்ச நேரம் கூட்டை விட்டு வந்திருக்கிறது. காட்டில் எங்கோ ஒரு மரத்தடியில் அதன் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. இதைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

சட்டப்படி அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பென்சில்வேனியாவில் வசந்தகால வேட்டைக்கு விதி, "தாடி உள்ள பறவை" என்பதுதான். நியூயார்க்கிலும் அப்படியே. அலபாமா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் சேவலை மட்டுமே சுடலாம். தாடி இருந்தாலும் பெட்டையைத் தொடக் கூடாது.

தாடி என்பது மார்பிலிருந்து தொங்கும் ஒருவகை இறகு. பார்க்கக் குதிரை மயிர் போல இருக்கும், மற்ற இறகுகளைப் போல உதிராது, வளர்ந்துகொண்டே இருக்கும். சேவலுக்குரிய அடையாளம் என்றாலும் பத்துப் பெட்டைகளில் ஒன்றுக்கு முளைப்பது உண்டு. இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு மாறும். தாடி முளைத்த பெட்டை மலடு, அதைச் சுட்டால் நஷ்டமில்லை என்று வேட்டைக்காரர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. மற்ற பெட்டைகளைப் போலவே அதுவும் இணை சேரும், முட்டையிடும், குஞ்சு பொரிக்கும்.

அப்படியானால் சட்டம் ஏன் அனுமதிக்கிறது? தூரத்திலிருந்து பார்க்கும்போது தாடி எளிதில் கண்ணில் படும் அடையாளம். தாடியைப் பார்த்துச் சுட்டபின் பெட்டை என்று தெரிந்தால், அந்த மனிதரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆக்கினால் பயந்துபோய்ப் பறவையைப் புதரில் வீசிவிட்டுப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது தவறிப்போகிறவருக்குக் காட்டும் பெருந்தன்மை. கண்ணெதிரே நிற்பது பெட்டை என்று நன்றாகத் தெரிந்தும், "தாடி இருக்கிறதே, சட்டம் ஒத்துக்கொள்கிறதே" என்று சுடுகிறவர் அந்தப் பெருந்தன்மையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்.

பெட்டையைக் கொல்வதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இதே பென்சில்வேனியாவில் இலையுதிர் கால வேட்டையில் எந்தப் பாலினத்தையும் சுடலாம். அந்தச் சமயம் குஞ்சுகள் வளர்ந்து தாங்களே இரை தேடத் தொடங்கியிருக்கும். என் சங்கடமெல்லாம் மாதத்தைப் பற்றியதுதான்.

பெட்டை நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். பிறகு 28 நாள் அடை. தரையில் கூடு என்பதால் ரக்கூன், ஸ்கங்க் போன்ற சிறு மிருகங்கள் எல்லாம் முட்டைகளைத் தேடித் தின்னும். பெரும்பாலான கூடுகள் பொரிக்கும்வரை தப்புவதில்லை. முட்டை போனால் பெட்டை இன்னொரு இடத்தில் மறுபடியும் இட்டுப் பார்க்கும். பெட்டையே போய்விட்டால் அந்த வருஷக் கணக்கு அதோடு முடிந்தது. குஞ்சு பொரித்துவிட்டாலும் முதல் இரண்டு வாரம் அவற்றால் மரமேறி அடைய முடியாது. குளிர் மழையில் தாயின் இறக்கைக்குள் ஒடுங்கினால்தான் உயிர் தங்கும்.

வசந்தத்தில் சேவலை மட்டும் குறிவைப்பதற்குக் காரணமும் இதுதான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். ஒரு முறை சேர்ந்தாலே பெட்டையின் உடம்பில் விந்து வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு ஈடு முட்டைக்கு அது போதும். ஆகவே சில சேவல்கள் குறைந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் பெரிய கேடில்லை.

"வருஷத்துக்கு நாலைந்து தாடிப் பெட்டை போனால் இனமா அழிந்துவிடும்?" என்று கேட்பார்கள். அழியாது. வசந்தத்தில் சுடப்படுகிறவற்றில் அவை மிகச் சிறு பங்குதான். ஆனால் 1930களில் அமெரிக்கா முழுவதும் சுமார் 2 லட்சம் காட்டு வான்கோழிகளே மிஞ்சியிருந்தன. வலைபோட்டுப் பிடித்து, பெட்டிகளில் ஏற்றி, காடு காடாகக் கொண்டுபோய் விட்டுத்தான் 2000களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. அதன் பிறகு பல மாநிலங்களில், குறிப்பாகத் தென்கிழக்கில், மறுபடியும் இறங்கியிருக்கிறது. இந்த நிலையில், அடையில் இருக்கும் ஒன்றை அபூர்வமான தாடி என்பதற்காகப் பாடம் செய்து சுவரில் மாட்ட எனக்கு மனம் வராது. எங்கள் அப்பத்தா, விருந்தாளி வாசலில் நின்றால்கூட அடையில் இருக்கிற கோழியைப் பிடிக்க விடமாட்டார். எனக்கு இந்தப் பாடத்தை முதலில் சொல்லிக்கொடுத்தது அவர்தான், கல்லூரி இல்லை.

சரி, காட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? தாடியைக் கடைசியில் பாருங்கள். முதலில் தலை. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று இருக்கும். பெட்டையின் தலை மங்கிய சாம்பல் நீலம். பின்கழுத்தில் சின்னச் சின்ன இறகுகள் ஏறியிருக்கும். அடுத்து மார்பு. வகுப்பில் இரண்டு மார்பு இறகுகளை மேஜையில் வைத்துக் காட்டுவேன். ஒன்றின் நுனி கறுப்பு, அது சேவல். மற்றதன் நுனி வெளிர் பழுப்பு, அது பெட்டை. இதனால்தான் பெட்டை மொத்தமாகப் பழுப்பாகத் தெரிகிறது. வாலை விரித்து ஆடுகிறதே என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். எப்போதாவது பெட்டையும் விரிக்கும்.

தலையைப் பார்த்தபின்தான் விரல் விசைக்குப் போக வேண்டும் என்ற பழக்கம் மனித உயிரையும் காக்கிறது. உருமறைப்பு உடை போட்டுக்கொண்டு, சேவலை வரவழைக்கப் பெட்டைக் குரலில் கூப்பிடும் இன்னொரு வேட்டைக்காரர் அந்தப் புதருக்குள் இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடம்பில் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்று நாங்கள் தலைப்பாடாய் அடித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறிப்போனால் மறைக்காதீர்கள். அங்கேயே பறவைமேல் வேட்டை அடையாளச் சீட்டைக் கட்டுங்கள், பென்சில்வேனியா விதிப்படி பத்து நாளுக்குள் பதிவு செய்யுங்கள், வீணாக்காமல் சமைத்துச் சாப்பிடுங்கள். யாராவது என்ன சுட்டீர்கள் என்று கேட்டால் பெட்டை என்றே சொல்லுங்கள். அன்று வண்டியோடு வந்தவர் அப்படித்தான் சொன்னார்.