அடுப்படிப் புகை நுரையீரலை என்ன செய்கிறது?

ரங்கூனில் கரண்ட் போனால் கரி அடுப்பு. பெகு பக்கத்துக் கிராமங்களில் என்றைக்கும் விறகடுப்புதான். கண் கரித்தால் விலகி உட்காருவோம். ஆனால் நுரையீரலைக் கெடுக்கும் துகள் கண்ணுக்கே தெரியாது: 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது, தலைமயிர்த் தடிமனில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு. பெரிய கரித்தூள் மூக்கிலும் தொண்டைச் சளியிலும் சிக்கிவிடும். மறுநாள் காலை கறுப்பாகக் காறித் துப்புவது அதைத்தான். நுண்துகளோ காற்றுச் சிற்றறைவரை இறங்கிவிடும்.

அங்கே அதை விழுங்கக் காவல் செல்கள் உண்டு. கரியை அவற்றால் செரிக்க முடியாது. தினமும் புகை வந்துகொண்டே இருந்தால் அழற்சி ஆறுவதற்கு நேரமில்லை. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் உதிரும், சளி பெருகும், சிறு மூச்சுக்குழல்களின் சுவர் தடித்து வடுவாகும். சிகரெட்டில் சிற்றறைகள் சிதைவது அதிகம். விறகுப் புகையில் இந்தக் குழல் வடு அதிகம். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பாட்டிக்கும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழல் அடைப்பு நிலைத்துவிடும் நோய், வருவது இப்படித்தான்.

இளைப்பென்றாலே ஆஸ்துமா என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுக்க வேண்டும். குழலை விரிக்கும் மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து ஊதும்போது, முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். உதட்டை இறுக்காமலோ பாதியில் நிறுத்தியோ ஊதினால் கணக்குத் தப்பும். பர்மாவில் காசநோயும் அதிகம் என்பதால் சளிப் பரிசோதனையை விடக்கூடாது. புகையை நிறுத்தினாலும் இழந்த மூச்சு திரும்பாது, ஆனால் மேலும் இழக்கும் வேகம் குறையும்.

பச்சை விறகின் எடையில் பாதி ஈரம். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால்தான் புகை அடங்கும். ஆகவே மே மாத மழைக்கு முன்பே வெட்டிக் காயவைத்துக் கூரைக்கடியில் அடுக்குங்கள். ஒரு சன்னல் மட்டும் போதாது: கூரையை ஒட்டி ஒரு திறப்பு, எதிரே கீழே ஒரு கதவு, இரண்டும் திறந்திருந்தால்தான் புகை மேலேறிப் போகும். ஊதுகுழல் குட்டையாக இருந்தால் முகம் புகைக்குள்ளேயே போய்விடும், நீளமானதாக வாங்குங்கள். ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் தடுக்கும்.

கரி அடுப்பு புகையாதே என்று அறைக்குள் வைப்பவர்களுக்கு ஒன்று: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மாஸ்க்கும் அதை வடிகட்டாது. தலைவலி, குமட்டல் வந்தால் முதலில் ஆளை வெளியே கொண்டுபோங்கள், அடுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.