சாயம் ஏற்றிய பாட்டிலில் ஊறுகாய் போடாதீர்கள்

சேலத்தில் மாங்காய் வரத்து தொடங்கினாலே எங்கள் கைவினை வகுப்புக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "வீட்டிலேயே கலர் ஏற்றிய பாட்டிலில் ஊறுகாய் போட்டேன், கலர் இறங்கிவிட்டது, சாப்பிடலாமா?" கூடாது. யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடைசியாக வந்த பாட்டிலில், வெள்ளைப் பசையில் ஃபுட் கலர் கலந்து உள்ளே பூசிய நீலம் முழுக்க உரிந்து மாங்காய்த் துண்டுகளுக்கு நடுவே கூழாகக் கிடந்தது. அதற்குள் பாதி ஊறுகாய் காலி.

கேட்டால் எல்லாரும் ஒரே சமாதானம்தான் சொல்கிறார்கள்: ஃபுட் கலர் சாப்பிடுகிற பொருள்தானே, ஃபெவிகால் டப்பாவிலும் நச்சில்லை என்றுதானே போட்டிருக்கிறது? பசை டப்பாவில் இருக்கும் அந்த வாசகம், பள்ளிப் பிள்ளை காகிதம் ஒட்டும்போது கையில் பட்டால் பயமில்லை என்பதற்காக. உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் ஊறுகிற பாத்திரத்துக்கு உட்பூச்சாகப் பூசலாம் என்ற அனுமதி அல்ல. வெள்ளைப் பசை காய்ந்து பளபளத்தாலும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். மாங்காய் விடும் தண்ணீரே அதற்குப் போதும். ஃபுட் கலரும் அளவோடு சேர்க்க வேண்டியது. அனுமதித்த உணவுகளிலேயே பெரும்பாலானவற்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது யாரும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

"ஓவனில் சுட்டுத்தானே வைத்தேன்" என்பார்கள். சுட்டதில் பசையின் ஈரம் போனது, அவ்வளவுதான். நிறம் கண்ணாடியோடு ஒட்டி உருக வேண்டுமானால் அதற்கென உள்ள எனாமலும் 500 டிகிரிக்கு மேல் போகும் சூளையும் வேண்டும். வீட்டு ஓவனில் அது நடக்காது. அதனால் ஊறுகாய் மட்டுமல்ல, பருப்பு, தேன், குடிநீர் எதுவும் வேண்டாம். பூ வைக்க ஆசையென்றால் உள்ளே ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வையுங்கள்.

அலங்காரத்துக்குச் செய்யுங்கள், அழகாகவே வரும். ஏற்காட்டில் வாங்கிய தேன் பாட்டில், காபித்தூள் பாட்டில் எல்லாம் இதற்கு ஏற்றவை. லேபிள் பசையைத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்து எடுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் பசை பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகும்.

அரை லிட்டர் பாட்டிலுக்கு வெள்ளைப் பசை 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 தேக்கரண்டி, திரவ நிறம் 6 முதல் 8 சொட்டு. நிறத்தை முதலில் தண்ணீரில் கரைத்து, பிறகு பசையில் கலக்குங்கள். பொடி நிறமென்றால் கரைத்து வடிகட்டாமல் ஊற்றாதீர்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். பாட்டிலைப் படுக்கவைத்து மெல்ல உருட்டி உட்புறம் முழுவதும் பரப்புங்கள். பிரஷ் போட்டால் கோடு விழும். பிறகு இரண்டு ஐஸ் குச்சிகளின் மேல் கவிழ்த்து ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். நேராகத் தாளின் மேல் கவிழ்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பூச்சும் உரிந்து வரும். வடிந்ததும் நிமிர்த்தி நிழலில் வையுங்கள். சேலத்துக் கோடையில் ஒரு நாளில் காயும். ஏற்காட்டு மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளானாலும் பால்நிறம் போகாது. அது ஈரம்தான், பசையின் குறையல்ல. அவசரப்படாதீர்கள்.

சூடுபடுத்தியே ஆக வேண்டுமென்றால் ஓ.டி.ஜி. எனும் சின்ன மின்சார ஓவன் மட்டும். குளிர்ந்த ஓவனில் பாட்டிலை வைத்து, 80 டிகிரிக்கு ஏற்றி, அரை மணி நேரம். அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் மிச்ச ஈரம் கொதித்துக் குமிழ் குமிழாக எழும்பும். குக்கரில் உப்பு கொட்டி அதன் மேல் பாட்டிலை வைப்பது, தோசைக்கல்லில் வைப்பது, மைக்ரோவேவில் வைப்பது, இந்த மூன்றையும் தயவுசெய்து நிறுத்துங்கள்! ஜாம், ஊறுகாய் பாட்டில்கள் சாதாரணக் கண்ணாடி. அடி கொதித்துக் கழுத்து குளிர்ந்திருந்தாலே விரிசல் விடும். சூடான பாட்டிலை ஏற்காட்டுக் குளிரில் சில்லென்றிருக்கும் கிரானைட் மேடையில் வைத்தாலும் அதே கதைதான்.

தின்னர் வாசனை வரும் கண்ணாடிப் பெயிண்ட் வேறு வகை. அதை ஓவனுக்குள் வைக்கவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திய சமையலறையில், பக்கத்தில் கேஸ் அடுப்பு எரியும்போது அதைத் திறக்காதீர்கள். மொட்டைமாடிக்கோ திண்ணைக்கோ எடுத்துப் போங்கள்.

உள்ளே பசை பூசிய பாட்டிலில் மெழுகுவத்தி ஏற்றவே வேண்டாம். பூச்சு இளகும், கருகும், கண்ணாடியும் வெடிக்கலாம். பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. சரம் போட்டால் நிறமும் நன்றாகத் தெரியும். ஜன்னலோர வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், ஃபுட் கலர் சீக்கிரம் வெளுத்துவிடும்.

உடைந்தால் சில்லுகளைத் தடித்த தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர்கள் கைவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஏற்கெனவே சாயம் ஏற்றிய பாட்டில் சமையலறையில் இருந்தால் இன்றே காலி செய்யுங்கள். பசைப் பூச்சு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் தோல்போல உரிந்து வரும். பெயிண்ட் அடித்தது என்றால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், விளக்காகவே இருக்கட்டும். ஊறுகாய்க்குப் புது பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.