உயரம் சொல்லாத ராடார்

"போர்க்காலத்தில் இந்தியா கொடுத்தது இருபரிமாண ராடார், இலங்கை அரசு கேட்டது முப்பரிமாண ராடார் என்கிறார்கள். அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று சுன்னாகத்திலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வித்தியாசம் ஒரேயொரு எண்தான்: உயரம்.

ராடாரின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததே. ராடார் விடும் ரேடியோ அலைத் துடிப்பு போய் விமானத்தில் பட்டுத் திரும்புகிறது. அது திரும்பிவர ஒரு மைக்ரோசெக்கன் (செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எடுத்தால், விமானம் 150 மீற்றர் தூரத்தில். அன்ரெனா பார்க்கும் பக்கம் திசையைச் சொல்லும். இந்தியா கொடுத்த 'இந்திரா' ராடார் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். அதன் அலைக்கற்றை கிடையாக ஒடுங்கியது, நிலைக்குத்தாக அகன்றது. விமானம் பனை உயரத்தில் வந்தாலும் மேகத்துக்குள் வந்தாலும் அதே கற்றைக்குள்தான். எச்சரிக்க இது போதும். வழிமறிக்கப் போகும் விமானத்தைச் சரியான இடத்துக்கு அனுப்ப உயரமும் வேண்டும்.

அதற்கு ஒடுங்கிய கற்றையொன்றை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாரமான அன்ரெனாவை அப்படி ஆட்டிக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு மிகப் பிடித்த வித்தை இங்கேதான் வருகிறது. அன்ரெனாவை ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வரிசைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். அலைநீளம் 10 செ.மீ., வரிசைகளுக்கு இடையே 5 செ.மீ. என்று வைப்போம். எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் அலையை விட்டால், அவை நேர் முன்னே ஒன்றையொன்று வலுப்படுத்தும். இப்போது கீழ் வரிசையை முதலில் விட்டு, மேலே உள்ள ஒவ்வொன்றையும் கால் அலைவு பிந்த விடுங்கள். மேல் வரிசை வானத்துக்குச் சற்றுக் கிட்ட இருப்பதால் அதன் அலை ஓடவேண்டிய தூரம் குறைவு; பிந்திப் புறப்பட்டாலும் மற்றவற்றோடு சேர்ந்தே போகும். 5 செ.மீ. இடைவெளிக்கு 2.5 செ.மீ. வித்தியாசம், அதாவது சைன் பெறுமானம் அரை. கற்றை 30 பாகை நிமிர்ந்துவிட்டது! தாமதத்தை மாற்றினால் கோணமும் மாறும், அன்ரெனா சாய வேண்டியதில்லை. இதயத்தை ஸ்கான் செய்யும் கருவியும் ஒலியலையை இப்படித்தான் திருப்புகிறது.

சரி, பேரத்துக்கு வருவோம். 2007 மார்ச் 26 அன்று புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. கொழும்பு முப்பரிமாண ராடாருக்காகச் சீனாவின் பக்கம் திரும்பியது. சில வாரங்களில் இந்தியாவின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை ஆயுதத்துக்காகச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது என்று சென்னையில் வெளிப்படையாகவே சொன்னார். தாக்கும் ஆயுதம் தருவதில்லை, தற்காப்புக்கு உதவுவோம் என்பது அப்போது டில்லியின் நிலைப்பாடு. தமிழ்நாட்டையும் சமாளிக்க வேண்டுமே! குண்டு போடாத ராடார் அதற்கு வசதியான பொருள். இன்னொரு கணக்கும் உண்டு: பருத்தித்துறைக்கு எதிரே தமிழ்நாட்டின் கோடிக்கரை. வடக்கு வானத்தைப் பார்க்கும் ராடார் இந்திய வானத்தையும் பார்க்கும். கடைசியில் சீனாவின் முப்பரிமாண ராடாரான ஜேவை-11 வந்தேவிட்டது.

தற்காப்பு உதவி என்பதால் இந்தியாவின் கையில் போர்க்கறை படியாது என்று நான் நம்பவில்லை. 2008 செப்ரெம்பர் 9 அன்று வவுனியா படைத்தளம் தாக்கப்பட்டபோது காயப்பட்டவர்களில் ராடாரைப் பராமரிக்க வந்த இந்தியர் இருவரும் இருந்தார்கள். இந்த இழுபறியில் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தை வானிலை ராடாரில் காட்டியிருந்தால், வடமராட்சிக் கடற்றொழிலாளருக்காவது உதவியிருக்கும்.

அப்புறம், முப்பரிமாணம் என்றாலும் பூமியின் வளைவைத் தாண்டிப் பார்க்காது. விமானத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள்; ராடாருக்கு அது தெரியத் தொடங்கும் தூரம் கிலோமீற்றரில் வரும். 100 மீற்றரில் வரும் விமானம் தரைமட்ட ராடாருக்கு ஏறத்தாழ 41 கிலோமீற்றருக்குள் வந்தபிறகுதான் தெரியும். குன்றே இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தத் தூரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கோபுரம்தான் கட்டவேண்டும்.