ஜவ்வைக் கழிக்காதீர்கள்

சென்னையின் புளியந்தோப்பு, வியாசர்பாடி மாட்டுக்கறிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ஜவ்வு இல்லாம போடுங்க பாய்." வறுவலுக்கு அது சரி. சிறு தீயில் நெடுநேரம் வேகவைக்கும் ஸ்டூ குழம்பு வைக்கப் போகிறவர் அப்படிக் கேட்கவே கூடாது. ஜவ்வோடு இருக்கும் கால் கறியையும் நெஞ்சுக்கறியையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போல இருக்கும். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இது சுருங்கி, கறியில் இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடுகிறது. அரை மணி நேரம் வெந்த துண்டைக் கடித்துப் பார்த்தால் பல்லுக்கு அசையாது. "கறி சரியில்ல" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அடுப்பைச் சிம்மில் வைத்து, தளதளவென்று கொதிக்க விடாமல் காத்திருந்தால் முறுக்கு மெல்ல அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். நார் நாராகக் கறி பிரிவதும், சோள மாவு கரைத்து ஊற்றாமலே குழம்பு உதட்டில் ஒட்டுவதும் அதனால்தான். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டியை வைத்தால் குழம்பு அப்படியே ஆடும். அதுவும் ஜெலட்டின்தான்.

நம் ஊர்க் கறிக்கு இந்தப் பொறுமை கூடுதலாகவே வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளைத்தான் பொதுவாக வெட்ட முடியும். வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் இறுகிப்போகின்றன. கரைய நேரம் பிடிக்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் இளம் மாட்டுக்கு எழுதப்பட்டவை. அதில் இரண்டு மணி நேரம் என்றிருந்தால் இங்கே மூன்றுகூட ஆகலாம். குக்கரில் அழுத்தம் கூடி வெப்பம் 120 டிகிரி வரை போவதால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள்.

வேக வைக்கும் முன் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, எண்ணெயில் சிவக்க வறுப்பது அவசியம். சாறு உள்ளேயே அடைபடும் என்று சொல்வார்கள், அது உண்மை இல்லை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கூடிப் புது மணங்களை உண்டாக்குகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி மயாரின் பெயராலேயே இந்த வினை அழைக்கப்படுகிறது. சுமார் 140 டிகிரியில்தான் இது வேகம் பிடிக்கும். ஈரம் இருந்தால் சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும், கறி வெளுத்துத்தான் வேகும். கடாயை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் குழம்பிலேயே சேருங்கள்.

பெரம்பூர் ஆங்கிலோ-இந்திய வீட்டு ஸ்டூ போல மிளகு, பட்டை, கிராம்பு, கேரட், உருளைக்கிழங்கு போடுவதானால், காய்கள் கடைசி அரை மணி நேரத்துக்குப் போதும். தக்காளியை மட்டும் உருளைக்கிழங்கு வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு இருந்தால், கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை கரையாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்கென்றே நிற்கும்.